ஆஸ்டெரிக்சிஸ்
“கையை முன்னால நீட்டுங்க. மணிக்கட்டை மேலே தூக்கி, விரலை விரிச்சு வைங்க” என்பார் மருத்துவர். கல்லீரல் நலிந்து மூளையும் குழம்பத் தொடங்கியவருக்குச் சில நொடிகளில் கை சட்டென்று தொய்ந்து விழும், உடனே எழும். சிறகடிப்பு போலிருக்கும்.

இதற்கு ‘ஆஸ்டெரிக்சிஸ்’ என்று பெயரிட்டவர்கள் ஜோசப் ஃபோலி, ரேமண்ட் ஆடம்ஸ் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள். கிரேக்கத்தில் ‘ஸ்டெரிக்சிஸ்’ என்றால் ஊன்றி நிற்றல். முன்னுள்ள ‘அ’ அதை மறுக்கிறது. வடமொழி வழியே நமக்கு வந்த ‘அநீதி’யின் ‘அ’வுக்கு உறவுதான். நடுக்கம் என்று நாம் சொல்வதைவிட இந்தப் பெயர் துல்லியம்: தசை துடிப்பதில்லை, கணநேரம் பிடியை விடுகிறது. கல்லீரல் அகற்றாமல் விட்ட அம்மோனியா போன்றவை மூளையை எட்டுவதன் அடையாளம் அது. சிறுநீரகம் பழுதானாலும் வரலாம்.

கண்ணால் பார்த்துச் சொன்னதைக் கையில் அணியும் முடுக்க உணரிகளால் அளக்கவும் ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின் புதிய கல்லீரல் நன்றாக வேலை செய்யத் தொடங்கினால், நீட்டிய கை பெரும்பாலும் நீட்டியபடியே நிற்கும்.