நடுத்தண்டவாளம்

பொம்மை ரயிலின் வரலாற்றை எழுதுவோர் எஞ்சின்களின் அழகில் மயங்கித் தண்டவாளத்தை மறந்துவிடுகிறார்கள். நாம் அங்கிருந்தே தொடங்குவோம்.

1906-இல் நியூயார்க்கின் லயனல் நிறுவனம் மூன்று தண்டவாளப் பாதையை விற்கத் தொடங்கியது. நடுத்தண்டவாளம் மின்சாரத்தைக் கொண்டுவரும். ஓரத்தில் உள்ளவை திருப்பி அனுப்பும். அசலுக்கு ஒவ்வாத அவலட்சணம் என்று இதை இகழ்ந்தோர் உண்டு. ஆனால் அதன் பின்னே கூர்மையான அறிவு இருந்தது. போன ரயில் வளைந்து, புறப்பட்ட பாதையிலேயே திரும்பி வந்து சேரவேண்டும் என்று எந்தச் சிறுவனும் ஆசைப்படுவான். இரு தண்டவாளப் பாதையில் அப்படி வளைத்தால் இடப்புறத் தண்டவாளம் வலப்புறத்தைப் போய்த் தொடும். உடனே ஷார்ட் சர்க்யூட். வளையத்தைத் துண்டித்துத் தனி சுவிட்ச் வைத்தாலன்றி ரயில் ஓடாது. மூன்று தண்டவாளத்திலோ, எப்படி வளைத்தாலும் நடு நடுவோடுதான் சேரும்.

அதற்கும் தொல்லைகள் இல்லாமலில்லை. இணைப்பு ஊசிகளில் துரு ஏறினால் தொலைவிலுள்ள வளைவில் ரயில் சோர்ந்துவிடும்; டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து அங்கும் ஒரு கம்பி இழுக்கவேண்டும். (பலர் பழியை மோட்டாரின்மேல் போட்டு அதைப் பிரித்துவிடுகிறார்கள், பாவம்.)

போருக்குப்பின் அசலைப் போன்ற தோற்றமே வென்றது. 1946-இல் அமெரிக்கன் ஃப்ளையர் இரு தண்டவாளத்துக்கு மாறியது. 1938-இல் மூன்று தண்டவாளத்தோடு பிறந்த இங்கிலாந்தின் ஹார்ன்பி டப்ளோ 1959-இல்தான் மாறியது. 1964-இல் அதன் தாய் நிறுவனமே போட்டியாளர் கைக்குப் போயிற்று. அந்தத் தாமதமும் ஒரு காரணம் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஜெர்மனியின் மெர்க்லின் வேறு வழி கண்டது: 1950-களில் நடுத்தண்டவாளத்தைச் சிலிப்பர் கட்டைகளின் மேல் சிறு குமிழ்களாகச் சுருக்கி, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது.