1972ஆம் ஆண்டின் ஓர் ஓவியமும் 'இந்தியப் பாணி' என்னும் சொல்லும்

மலேசிய ஓவியக் கண்காட்சிகளைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது மிகக் குறைவு. எழுதப்படும் சிறு குறிப்புகளிலும் ஓவியர் 'நம்மவர்' என்பதோ, படம் 'இந்தியப் பாணியில்' அமைந்தது என்பதோ முடிவான தீர்ப்பாக நின்றுவிடுகிறது. முன்னது பிறப்பைப் பற்றிய செய்தி, பின்னது ஒட்டுச்சீட்டு. இரண்டையும் படத்தைப் பாராமலே எழுதிவிடலாம். தேசியக் கலைக்கூடத் தொகுப்பில் உள்ள ஓர் ஓவியத்தை முன்வைத்து இதனை ஆராய்வோம். சையத் தாஜுதீன் 1972இல் வரைந்த அப்படம், அனுமன் சீதையைக் காணும் நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டது.

தாஜுதீன் 1943இல் இராமநாதபுரம் பகுதியிலுள்ள அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். (கப்பலின் உருவம் கீறப்பட்ட பழம்பானை ஓடு அகழாய்வில் கிடைத்ததும் அதே அழகன்குளத்தில்தான்.) 1968 முதல் 1974 வரை அவர் சென்னை அரசு கலைத்தொழிற் கல்லூரியில் பயின்றார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியின் வழிவந்த கல்லூரி அது. அதன் முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக வழிவகுத்தார். 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில் படிக்க இயலாத எழுத்துகளால் படப்பரப்பை நிறைத்தவரும் அவரே. மொழியியலாருக்கு அப்படங்கள் சிறு துன்பம் தருவன. கண் தானாகவே படிக்க முற்படுகிறது. படிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

தாஜுதீன் அவ்வழியிற் செல்லவில்லை. நீண்ட உடல்கள், பாதி மூடிய விழிகள், ஓர் உருவிலிருந்து அடுத்த உருவிற்கு வழிந்தோடும் கோடு என அவர் கை அஜந்தாவை நோக்கித் திரும்பியது. அதனாலேயே 'இந்தியப் பாணி' என்ற சொல் அவர்மீது எளிதில் ஒட்டிக்கொண்டது.

காலத்தையும் நோக்குதல் வேண்டும். 1971 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. இவ்வட்டாரத்து மண்ணின் மக்களது பண்பாடே தேசியப் பண்பாட்டின் அடிப்படை என்றும், பிற பண்பாடுகளின் பொருத்தமான கூறுகளை ஏற்கலாம் என்றும், இசுலாம் இன்றியமையாத கூறு என்றும் அது வகுத்தது. அந்த அளவுகோலின்படி, அடுத்த ஆண்டில் வரையப்பட்ட இராமகதை ஓவியம் வந்தேறியா, மண்ணின் மகவா?

வந்தேறி என்பதை நாம் ஏற்பதற்கில்லை. 'ஹிக்காயாட் ஸ்ரீ ராமா' மலாய் இலக்கியத்தின் பழஞ்சொத்து. கிளந்தானின் வாயாங் கூலிட் என்னும் தோற்பாவை நிழற்கூத்திற்கு இராமகதையே முதற்பொருள். அங்கே பாவைகளை ஆட்டிக் கதை சொல்லும் டாலாங்குகள் முஸ்லிம்கள். இங்கே அதை வரைந்தவரும் தமிழ் முஸ்லிம். இதில் முரண் காண்பவர் இந்நாட்டின் கலைவரலாற்றை அறியாதவரே.

நிழற்பாவையை வேறொரு வகையில் கையாண்டவர், 1941இல் பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம். 1986இல் லிபியாமீது அமெரிக்கா குண்டு வீசியபோது ரேகனையும் தாட்சரையும் வாயாங் உருவங்களாக்கி அவர் ஒரு படம் செய்தார். இருவருள் நம் மனம் நிர்மலாவின் பக்கமே சற்றுச் சாய்கிறது. தாஜுதீனின் பிற்காலப் படங்களில் அழகு மிக எளிதாகக் கைகூடிவிடுகிறது. 1972இன் படத்தில் கோடு இன்னும் உழைத்துக்கொண்டிருந்தது. நிர்மலாவின் கோடு அழகைத் தேடவே இல்லை.

இத்தகைய வேறுபாட்டைச் சொல்லும் மொழி தமிழுக்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சி ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறது. காண்போர் கண்ணிலே தம் தொழிலை நிறுத்துவோர் என்பது நச்சினார்க்கினியர் உரையின் கருத்து. அதாவது, ஓவியம் நிகழும் இடம் பார்ப்பவரின் கண். ஓவியரின் பிறப்புச் சான்றிதழைப் பற்றி அங்கே பேச்சில்லை. மலாய்மொழியில் இன்று கலையைக் குறிக்கும் 'செனி' என்ற சொல்லும் முன்பு நுண்மையையே குறித்தது.

பாரிட் புந்தார் மாணவர்க்குத் தலைநகர்க் கலைக்கூடம் தொலைவில் உள்ளது. பினாங்கோ பட்டர்வொர்த் வரை தொடர்வண்டி, பிறகு படகு என்னும் அளவே. ஆசிரியர்கள் அவர்களை அங்கு அழைத்துச் சென்று, ஒரே ஒரு படத்தின் முன் கால்மணி நேரம் நிற்கச் செய்யலாம். 'இந்திய', 'மலாய்', 'சீன' என்னும் அடைமொழிகளை விலக்கிப் பத்து வாக்கியங்கள் எழுதச் சொல்லலாம். முதலில் பெயர்ச்சொற்களே வந்து விழும்: மரம், பெண், படகு. 'வளைகிறது', 'ஒதுங்குகிறது', 'மறைக்கிறது' என வினைச்சொற்கள் வரத் தொடங்குவது பெரும்பாலும் ஆறாம் ஏழாம் வாக்கியத்தில்தான்.