கேட்டுப் படித்தவர்கள் நாம்



ஒக்டோபர் வந்தால் வாசிப்பு மாதம். பதாகை, கட்டுரைப் போட்டி, புத்தகக் கண்காட்சி எல்லாம் நடக்கும். "சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்ட வாருங்கள்" என்று பெற்றோரை அழைத்தால் மட்டும் எங்களுக்கு அடிக்கடி கிடைப்பது ஒரே பதில்தான்: "எங்களுக்கு அந்தளவு படிப்பில்ல சேர், அது டீச்சர்மார்ட வேல."

வாசித்துக் காட்டுவது படித்தவர்களின் வேலை, பாடசாலையின் வேலை என்ற இந்த எண்ணம் நம் சமூகத்தில் பழையதல்ல. நம் முன்னோரில் பெரும்பாலானோர் நூல்களைக் கண்ணால் அல்ல, காதால்தான் அறிந்தார்கள்.

சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்வோம். உமறுப்புலவர் அதை 17ஆம் நூற்றாண்டில் பாடினார். மூன்று காண்டங்கள், 5027 பாடல்கள். அது அச்சேறியது 1842 இல்தான். அதுவரை ஏட்டுப் பிரதிதான். ஒரு ஊரில் எத்தனை வீட்டில் ஏடு இருந்திருக்கும்? இருந்தாலும் அந்தச் செய்யுள் நடையை எத்தனை பேர் தாமாக வாசித்து விளங்கியிருப்பார்கள்? ஆனாலும் சீறா சாதாரண மக்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார், அதன் பொருள் சபைக்குப் பேச்சுத் தமிழில் விரித்துச் சொல்லப்படும். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிப்பதும் இதே ஒழுங்கில்தான். அங்கே முதலாவதைப் படிப்பு என்றும் இரண்டாவதைப் பயன் சொல்லுதல் என்றும் சொல்வார்கள். எழுத்துத் தெரியாதவரும் அந்தச் சபையில் இருந்து கேட்டார், விளங்கினார்.

வீட்டுக்குள்ளே பெண்களிடம் வேறொரு ஏற்பாடு இருந்தது. அதுதான் அரபுத்தமிழ். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத ப, ட, ண, ள போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டிப் புதிய எழுத்துகள் அமைத்துக்கொண்டார்கள். குர்ஆன் ஓதக் கற்ற ஒரு பெண்பிள்ளை கொஞ்சம் பழகினால் அரபுத்தமிழையும் வாசித்துவிடலாம். பாடசாலை வாசலை மிதிக்காத நம் மூத்தம்மாமார் மார்க்கச் சட்டங்களையும் பெண்புத்திமாலை போன்ற நூல்களையும் அறிந்தது இப்படித்தான். ஒருவர் படிப்பார், சுற்றியிருக்கும் பெண்களும் பிள்ளைகளும் கேட்பார்கள். கேட்டுக் கேட்டே பலருக்கு மனப்பாடம். மாலைகளில் சொல்லப்படும் விஷயங்கள் பற்றி இன்று நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது இங்கே பேச்சில்லை. பிள்ளைகள் பெரியவரின் குரலில் நூலைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

பிறகு காலம் மாறியது. மாற வேண்டியும் இருந்தது. கண்டியில் அறிஞர் சித்தி லெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, நவீன கல்வி வேண்டும் என்று வாரந்தோறும் எழுதினார். பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை வைத்தார். 1885 இல் அவர் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகிறது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தில் படித்து ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் ஆனார்கள். இந்த நன்மைகளுக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள்.

ஆனால் அதோடு ஒரு விஷயம் சத்தமில்லாமல் நழுவிப் போனது. பேத்தியின் பாடப் புத்தகம் தமிழ் எழுத்தில், மூத்தம்மா அறிந்ததோ அரபுத்தமிழ். நேற்றுவரை வீட்டுக்கே படித்துக் காட்டியவர், ஒரே தலைமுறையில் "எழுதப் படிக்கத் தெரியாதவர்" ஆகிவிட்டார். வாசிப்பு வீட்டை விட்டுப் பாடசாலைக்குப் போனது. அங்கிருந்து டியூஷன் வகுப்புக்குப் போனது. வீட்டில் எஞ்சியது "போய்ப் படி" என்ற அதட்டல் மட்டும்.

அதன் விளைவை வகுப்பறையில் நாங்கள் காண்கிறோம். தரம் மூன்று, நான்கில் சில பிள்ளைகள் தடக்காமல் வாசிப்பார்கள். "என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டால் முழிப்பார்கள். குர்ஆனைத் தஜ்வீதோடு ஓதுவது தன்னளவிலேயே இபாதத், உச்சரிப்பை முதலில் திருத்துவது அங்கே சரியான முறை. அதே அளவுகோலைத் தமிழ்ப் புத்தகத்துக்கும் வைத்து, வேகமாக வாசித்தால் போதும் என்று நாம் திருப்திப்பட்டுவிடுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் பேசும் தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. "வந்தார்கள்", "இருப்பினும்", "ஆகையால்" என்றெல்லாம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அந்தத் தமிழைக் காதால் கேட்டே இராத பிள்ளைக்குத் தரம் ஒன்றில் எழுத்தும் புதிது, மொழியும் பாதி புதிது. முன்னோரின் முறை இந்த இடைவெளிக்குத்தான் பாலம் போட்டது. படிப்பு நூலின் தமிழில், பயன் நம்முடைய தமிழில்.

அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் குழுவினரும் 1988 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் கற்றுக்கொடுத்தது இதுதான்: வாசித்துக்கொண்டே போகாதீர்கள், நிறுத்திக் கேள்வி கேளுங்கள், பிள்ளை சொல்வதை இன்னும் கொஞ்சம் விரித்துத் திருப்பிச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சில் மற்றப் பிள்ளைகளை முந்தினார்கள். நிறுத்தி விளக்குவது நமக்குப் புதிதல்ல. ஆனால் நம் பழைய சபையில் பயன் சொன்னவர் பெரியவர், பிள்ளை கேட்டதோடு சரி. இனி பயன் சொல்லும் இடத்தைப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். நாம் புதிதாகக் கற்க வேண்டியது அவ்வளவுதான்.

செய்வது லேசு. புத்தகத்தை முதலில் நீங்கள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் படம் தெரியும்படி பக்கத்தில் இருத்தி, ஆறுதலாக வாசியுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் நம் ஊர்ப் பேச்சில் கதைத்துக்கொள்ளுங்கள். "ஏன் அவன் ஓடினான்? நீ என்றால் என்ன செய்வாய்?" பிழையாகச் சொன்னால் ஏசாதீர்கள். நேற்று வாசித்த அதே கதையை இன்றும் கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள், திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் சொற்கள் பிள்ளையின் சொந்தமாகும். வாசிக்கத் தெரியாத உம்மாவுக்கும் வழி இருக்கிறது. ராத்தாவோ நானாவோ வாசிக்கட்டும், கேள்வியை உம்மா கேட்கட்டும். நம் முன்னோரும் வேலையைப் பிரித்துத்தானே செய்தார்கள்?

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் கால் மணித்தியாலம், ஃபோனை ஒரு பக்கம் வைத்துவிட்டு. வாப்பாமாரும் இதில் சேர்த்திதான். பயன் சொல்வதற்குத் தேவையானது வாழ்க்கை அனுபவமும் பிள்ளை மீது இரக்கமும். அது கடலுக்குப் போகிறவரிடமும், வயலுக்குப் போகிறவரிடமும், கடை வைத்திருப்பவரிடமும் இருக்கிறது.

இந்த மாதம் முன்பள்ளிக்கும் தரம் ஒன்று, இரண்டுக்கும் வந்து வாசித்துக் காட்ட ஆட்கள் தேவை. வாரத்தில் ஒரு நாள், அரை மணித்தியாலம் போதும். எத்தனையாம் தரம்வரை படித்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டோம். மாலை மனப்பாடமாகத் தெரிந்த மூத்தம்மாமார் உங்கள் வீட்டில் இருந்தால், இன்ஷா அல்லாஹ், முதலில் அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.