எண்ணிக்கைக்குள் அடங்காத இழப்பு: பல்திமிங்கிலக் குடிகளில் முதுபெண்களின் இடம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் இடையே கிடக்கும் சாலிஷ் கடலில் இரைதேடும் ஓர்க்கா என்னும் பல்திமிங்கிலங்களை, தென்பகுதி வாழ்குடி என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். 1970-களின் நடுவில் அவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எண்ணத் தொடங்கியபோது எழுபது சொச்சம் இருந்தன. 1995 அளவில் அந்தத் தொகை நூறை நெருங்கியது. 2020-களில் மறுபடியும் எழுபது சொச்சத்துக்கு வந்து நிற்கிறது. முதற்கணக்கையும் கடைசிக் கணக்கையும் மட்டும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், அரை நூற்றாண்டில் பெரிதாக எதுவும் மாறவில்லை என்ற முடிவுக்கு வரக்கூடும். அது தவறான முடிவு. சில பல்திமிங்கில இனங்களுக்கேனும் தலை எண்ணிக்கை மிக மோசமான அளவுகோல் என்பதே இக்கட்டுரையின் வாதம். எத்தனை இறந்தன என்பதோடு, இறந்தது எந்த வயதினது, எந்தப் பாலினது, யாருக்குத் தாய், யாருக்குப் பாட்டி என்பதையும் சேர்த்துக் கேட்டாலொழிய அங்கே நேர்ந்த இழப்பின் அளவு புலப்படாது. குறிப்பாக, ஈனும் பருவம் கடந்த முதுபெண்களுக்கு வழக்கமான இனத்தொகைக் கணக்கு எந்த மதிப்பும் தருவதில்லை. இனிக் குட்டி ஈனாதது தொகையின் வருங்காலத்துக்கு எதையும் கூட்டாது என்பது அந்தக் கணக்கின் எடுகோள். கிடைத்திருக்கும் சான்றுகளோ அந்த எடுகோளுக்கு நேர் எதிராக நிற்கின்றன.

பாலூட்டிகளில் பெண்ணின் கருவுறும் திறனும் ஆயுளும் ஏறத்தாழ ஒன்றாகவே முடிகின்றன. ஈன்று முடித்த பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்வது மிக அரிது. மனிதருக்கு வெளியே இது பரவலாகக் காணப்படுவது பல்திமிங்கிலங்களில்தான். இதற்கான முதல் வலுவான சான்று கடலில் நீந்திய விலங்குகளிடமிருந்து கிடைக்கவில்லை, ஜப்பானியக் கரையில் வேட்டையாடப்பட்டவற்றின் உடல்களிலிருந்து கிடைத்தது. தோஷியோ கசூயாவும் ஹெலீன் மார்ஷும் குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலங்களின் பற்களில் ஆண்டுதோறும் படியும் அடுக்குகளை எண்ணி வயதையும், சூலகத்தை ஆராய்ந்து இனப்பெருக்க நிலையையும் கணித்து 1984-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த பெண்களில் 36 வயதுக்கு மேற்பட்ட எதுவும் சினையாக இல்லை. ஆயினும் அறுபதைத் தாண்டியவையும் அக்கூட்டத்தில் இருந்தன. வேட்டையின் கணக்கேடு இப்படியொரு அறிவைத் தந்தது மகிழத்தக்கதல்ல என்றாலும், அந்தப் பற்களும் சூலகங்களும் பேசியிராவிட்டால் இந்தக் கேள்வி எழவே வெகுகாலம் ஆகியிருக்கும். இன்று ஓர்க்கா, குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலம், பொய் ஓர்க்கா, பெலூகா, நார்வால் ஆகிய ஐந்து இனங்களில் இந்த நீண்ட இனப்பெருக்க ஓய்வு அறியப்பட்டிருக்கிறது. 2024-இல் சாமுவேல் எல்லிஸும் உடன் ஆய்வாளர்களும் இவற்றைப் பிற பல்திமிங்கிலங்களோடு ஒப்பிட்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். உடலளவில் ஒத்த பிற இனங்களின் பெண்களைக் காட்டிலும் இவை ஏறத்தாழ நாற்பது ஆண்டு கூடுதலாக வாழ்கின்றன. ஆனால் ஈனும் காலத்தின் நீளம் இரு சாராருக்கும் ஒன்றேதான். ஆக, இங்கே ஆயுள் நீண்டிருக்கிறது, ஈனும் காலம் சுருங்கவில்லை. ஒரே கிளையில் ஒருமுறை தோன்றி வழிவழியாக வந்த தற்செயல் என்று இதைத் தள்ளவும் இயலாது. பல்திமிங்கிலங்களுக்குள்ளேயே இது ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

இந்தக் கூடுதல் ஆண்டுகள் எதற்கு என்ற கேள்விக்கு ஓரளவேனும் விடை தரக்கூடியவை வாழ்குடி ஓர்க்காக்கள். மைக்கேல் பிக் என்ற கனடிய ஆய்வாளர் 1970-களில், முதுகுத்துடுப்பின் வடிவத்தையும் அதன் பின்னுள்ள சாம்பல் திட்டையும் ஒளிப்படத்தில் பதிந்து ஒவ்வொரு விலங்கையும் தனித்து அறியும் முறையை நிறுவினார். அன்றிலிருந்து பிறப்பும் இறப்பும் தாய்வழி உறவும் ஆண்டுக்கு ஆண்டு பதிவாகி வருகின்றன. கடல்விலங்கு எதற்கும் இத்தனை முழுமையான குடிவழிப் பதிவு வாய்ப்பது அரிது. இக்குடிகளில் மகனும் சரி, மகளும் சரி, தாயைவிட்டுப் பிரிவதே இல்லை. ஆண்கள் வேறு கூட்டத்துப் பெண்களோடு கூடிவிட்டுத் தாயிடமே திரும்புகின்றன. இப்பதிவுகளைக் கொண்டு எம்மா ஃபாஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் காட்டிய செய்தி திகைக்க வைப்பது: முப்பது வயது கடந்த ஆண், தாய் இறந்த அடுத்த ஆண்டில் இறப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ பதினான்கு மடங்கு உயர்கிறது. மகள்களிடம் இந்த உயர்வு மிகக் குறைவு. மூன்றாண்டுக்குப் பின் லாரன் பிரென்ட் முதலானோர், நகரும் கூட்டத்துக்கு முன்னே செல்பவர் யார் என்பதைக் காணொளிகளிலிருந்து கணித்தார்கள். ஈனும் பருவம் கடந்த பெண்களே அடிக்கடி முன்னே சென்றன. சால்மன் மீன் வரத்து குறைந்த ஆண்டுகளில் அது மேலும் தெளிவாகத் தெரிந்தது. 2019-இல் வெளியான ஆய்வொன்று பாட்டி இறந்த இரண்டாண்டுக்குள் பேரக்குட்டிகள் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்கு உயர்வதைக் கண்டது. தாம் பிடித்த மீனை முதிர்ந்த பெண்கள் உறவினரோடு பகிர்ந்து உண்பதும், வளர்ந்த ஆண்கள் அரிதாகவே அப்படிச் செய்வதும் நேரடியாகக் காணப்பட்டவை. மீன் எங்கே எப்போது கிடைக்கும் என்ற நினைவும் பிடித்ததைப் பகுத்துத் தரும் பழக்கமும் ஒரே உடலில் குடியிருப்பதாகக் கொண்டால் இந்த முடிவுகள் யாவும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

இங்கே மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, வயதுக் கணிப்பைப் பற்றியது. பிக் பதிவைத் தொடங்கும் முன்பே பிறந்த பெண்களின் வயது உத்தேசமே. கிராண்ணி என்று பெயர் பெற்ற முதுபெண்ணுக்கு 105 வயது என்று உலகமெங்கும் எழுதினார்கள். 2016-இன் இறுதியில் அது மறைந்தபோது அதன் வயது அதைவிடப் பல பத்தாண்டு குறைவாக இருந்திருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றிருந்தது. உணர்ச்சிவயப்பட்ட எழுத்துகள் இத்துறைக்குச் செய்த தீங்கு சிறிதல்ல. ஆனால் வயது மிகையாகச் சொல்லப்பட்டது என்பதால் இனப்பெருக்க ஓய்வே இல்லை என்றாகிவிடாது. பைலட் திமிங்கிலங்களின் வயது பல்லடுக்கில் எண்ணப்பட்டது, அதில் உத்தேசத்துக்கு இடம் மிகக் குறைவு. ஓர்க்காப் பதிவும் இப்போது ஐம்பதாண்டைத் தொட்டுவிட்டதால், பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்த பெண்களே ஈனும் பருவத்தைக் கடந்துகொண்டிருக்கின்றன.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. மீன் வரத்து பொய்த்த ஆண்டில் தாயும் இறக்கும், மகனும் இறக்கும், பேரக்குட்டியும் இறக்கும். பொதுக் காரணத்தால் விளைந்ததை ஒன்றுக்கொன்று காரணமாகக் கொள்வது பிழை என்பார்கள். ஆண் உடல் பெரிது, அதற்குத் தீனியும் அதிகம் வேண்டும். ஆகவே பஞ்சம் மகனைத்தான் முதலில் தாக்கும் என்றும் சேர்த்துச் சொல்லலாம். ஆனால் பாட்டி பற்றிய ஆய்வு சால்மன் வளத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டே நாலரை மடங்கு என்ற முடிவுக்கு வந்தது. அதைவிட முக்கியமாக, இன்னும் ஈன்றுகொண்டிருக்கும் பாட்டியைக் காட்டிலும் ஈனாத பாட்டி இருப்பதே பேரக்குட்டிக்குக் கூடுதல் காப்பாக அமைகிறது என்று அது கண்டது. வெறும் பஞ்சமே காரணமென்றால் பாட்டியின் இனப்பெருக்க நிலை எந்த வேறுபாட்டையும் உண்டாக்கக் கூடாது. 2023-இல் மைக்கேல் வைஸ் முதலானோர் காட்டியது மறுபக்கத்திலிருந்து இதையே உறுதிசெய்கிறது. பால்குடி மறந்த மகன் ஒன்று உயிரோடிருந்தால், தாய் அவ்வாண்டில் இன்னொரு குட்டியை ஈன்று வளர்ப்பதற்கான வாய்ப்பு பாதியாகிறது. வளர்ந்த மகனுக்கும் தாய் தொடர்ந்து எதையோ கொடுத்துக்கொண்டிருக்கிறது, அதற்கான விலையையும் தானே செலுத்துகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு எளிய விளக்கம் இல்லை.

மூன்றாவதாக, யானையைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. யானைக் கூட்டத்திலும் முதுபெண்ணே வழிநடத்துகிறது; வறட்சிக் காலத்து நீர்நிலைகளை அதுவே அறியும். ஆனால் அது முதுமை வரையில் ஈன்றுகொண்டேதான் இருக்கிறது. அறிவுக்காக ஈனுவதை நிறுத்தத் தேவையில்லை என்றால், முதுபெண்ணின் அறிவைக் கொண்டு இனப்பெருக்க ஓய்வை விளக்க முடியாது. இந்த மறுப்பின் முற்பகுதியை ஏற்றுக்கொள்ள வேண்டும். நினைவும் வழிகாட்டலும் நீண்ட ஆயுளை விளக்கலாம், ஈனுவது நிற்பதை விளக்கா. அந்தப் பாதிக்கு டேரன் கிராஃப்ட் முதலானோர் 2017-இல் தந்த விடை உறவுக் கணக்கில் இருக்கிறது. பிறந்த புதிதில் ஓர்க்காப் பெண்ணின் தந்தை வேறு கூட்டத்தில் இருப்பதால், தன் கூட்டத்தில் அதற்கு நெருங்கிய உறவு குறைவு. பிள்ளைகளும் மகள்வழிப் பேரரும் பெருகப் பெருக, வயதோடு அதன் உறவு அடர்த்தி கூடுகிறது. தாயும் மகளும் ஒரே காலத்தில் ஈன்றால் இரண்டுக்கும் ஒரே மீன்தான். அத்தகைய போட்டியில் மூத்த தலைமுறைப் பெண்ணின் குட்டியே அதிகம் இறக்கிறது. ஆகவே மூத்தது ஒதுங்கிக்கொள்வது அதற்கே ஆதாயம். ஆண் யானை வயது வந்ததும் தாய்க்கூட்டத்தை விட்டு வெளியேறிவிடுகிறது. அங்கே இந்தக் கணக்கு இப்படி விழாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் இக்கட்டைத் தவிர்க்க முடியாது. முதுபெண்கள் இத்தனை பயனுடையவை என்றால் தென்பகுதி வாழ்குடி ஏன் தேறவில்லை? அவை கடத்தும் மரபே அவற்றைக் கட்டிப்போட்டும் வைத்திருக்கிறது என்பது என் விடை. அதே கடலில் சீல்களையும் பிற கடற்பாலூட்டிகளையும் உண்டு வாழும் வேறொரு ஓர்க்கா வகை, பிக் ஓர்க்கா, செழித்துப் பெருகிவருகிறது. வாழ்குடிகளோ சீலைத் தொடுவதில்லை. சால்மனிலும் எண்ணிக்கையில் மிகுந்த பிங்க், சாக்கை வகைகளை விட்டுவிட்டு, கொழுத்த ஆனால் அருகிவரும் சினூக்கையே முதன்மையாகத் தேடுகின்றன. உணவு மரபின் இறுக்கத்துக்கு 1970-இல் வான்கூவர் தீவின் பெடர் விரிகுடாவில் பிடிபட்ட ஓர்க்காக்கள் சாட்சி. மீன் கொடுத்தபோது அவற்றில் சில இரண்டு மாதத்துக்கு மேல் உண்ணாமலே கிடந்தன. ஒன்று இறந்தும் போனது. அவை மீனுண்ணாத வகை என்பது பிறகுதான் தெரிந்தது. இவ்விரு வகைகளும் மரபணுவிலும் வெகுகாலமாகப் பிரிந்து நிற்பதால் உணவுத் தேர்வு முழுக்கக் கற்றதுதான் என்று வாதிடுவது மிகை. எனினும் பட்டினியால் தளர்ந்த பின் எஞ்சியவை சால்மனை உண்ணத் தொடங்கின. உடலால் முடியாதது அன்று, வழக்கம் தடுத்தது என்பதை அது காட்டுகிறது. இதே சினூக்கை நம்பியிருக்கும் வடபகுதி வாழ்குடி அதே அரை நூற்றாண்டில் இருமடங்குக்கு மேல் பெருகியிருப்பதையும் இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். ஆகவே மரபு மட்டும் குற்றவாளியல்ல. தெற்கே ஆறுகளின் அணைகளும் கப்பல் இரைச்சலும் பிசிபி நச்சும் மிகுதி.

பிடிப்பு வணிகம் விட்டுச்சென்ற ஊனமும் தெற்கில்தான் அதிகம். 1960-களிலும் 70-களின் முற்பாதியிலும் காட்சிச்சாலைகளுக்காகத் தென்பகுதியிலிருந்து ஐம்பதுக்கு அண்மையான ஓர்க்காக்கள் பிடிக்கப்பட்டன அல்லது அந்த முயற்சியில் இறந்தன. வாஷிங்டன் மாநிலக் கடற்பகுதியில் அது நின்றது 1976-இல். எடுத்துச்செல்லப்பட்டவை பெரும்பாலும் இளையவை. முதுபெண்களைப் பற்றிய என் வாதத்துக்கு இது எதிரானதாகத் தோன்றலாம்: இளையவற்றின் இழப்பல்லவா பின்னாளில் ஈனும் தலைமுறையையே இல்லாமலாக்கியது? உண்மைதான். 1990-க்குப் பின் பிறந்து மரபணு ஆராயப்பட்ட குட்டிகளில் பாதிக்கு மேல் இரண்டே ஆண்களுக்குப் பிறந்தவை. நெருங்கிய உறவுக்குள் ஈனுவதால் விளையும் நலிவு இக்குடியின் வளர்ச்சியைத் தடுப்பதாக 2023-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆனால் இது சுட்டுவதும் அதே இடத்தைத்தான். எழுபது என்ற எண் அன்றும் இன்றும் ஒன்றாக இருக்க, அந்த எழுபதின் உள்ளமைப்பு சிதைந்திருக்கிறது. ஒரு முனையில் இளையவற்றையும் மறுமுனையில் முதுபெண்களையும் இழப்பது இருவேறு வழிகளில் குடியைக் குலைக்கிறது. தலை எண்ணிக்கை இரண்டையும் மறைக்கிறது.

சட்டமும் இதை மெல்லத்தான் கற்றது. தென்பகுதி வாழ்குடியை அருகிய தொகையாகப் பட்டியலிட அமெரிக்கக் கூட்டரசின் கடல்மீன்வள அமைப்பு 2002-இல் மறுத்தது. உலகெங்கும் ஓர்க்கா என்பது ஒரே இனம், அதில் இந்தச் சிறு தொகை அழிந்தாலும் இனத்துக்குக் கேடில்லை என்பதே அதன் அடிப்படை. நீதிமன்றம் மறு பரிசீலனைக்கு அனுப்பிய பிறகு, 2005-இல்தான் அது அருகிய தொகையாக ஏற்கப்பட்டது. இடம்பெயர் விலங்குகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 2014-இல், திமிங்கிலங்களின் பண்பாடு பாதுகாப்புக் கொள்கையில் கருதப்பட வேண்டியது என்று தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தைக் கணக்கெடுப்பு முறையாக மாற்றும் வேலை எஞ்சியிருக்கிறது. வயதும் பாலும் குடிவழியும் பதியாத எந்தக் கணக்கெடுப்பும் இந்த ஐந்து இனங்களைப் பொறுத்தவரை பாதிக் கணக்கே.

தமிழ்க் கரைக்கு இது தொலைதூரச் செய்தியன்று. கசூயாவும் மார்ஷும் ஆராய்ந்த அதே குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலம்தான் தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாட்டை ஒட்டிய கரையில் இருமுறை பெருந்திரளாக ஒதுங்கியது. 1973 ஜனவரியில் 147. 2016 ஜனவரியில் எண்பதுக்கு மேல். கடலுக்குள் இழுத்துவிடப்பட்டவற்றில் சில மறுபடியும் கரைக்கே வந்ததை 2016-இல் மீனவர்கள் கண்டார்கள். அவை ஏன் ஒதுங்கின என்பதற்கு உறுதியான விடை இல்லாதபோது, முதுபெண்ணைப் பின்தொடர்ந்து வந்தன என்று கதை கட்டுவது ஆய்வாகாது. ஆனால் அத்திரளில் எத்தனை முதுபெண்கள், அவை ஒரே குடியைச் சேர்ந்தவையா, கடலில் எஞ்சியவற்றுக்கு நேர்ந்த இழப்பு என்ன என்ற கேள்விகளுக்கு விடை காணும் வழி இருக்கிறது. இனி ஒரு திரள் ஒதுங்கினால், குழி தோண்டிப் புதைப்பதற்கு முன்னால் ஒவ்வோர் உடலிலிருந்தும் ஒரு பல்லும் சிறிது தோலும், பெண்ணாக இருந்தால் சூலகமும் எடுத்து வைக்கப்பட வேண்டும். வனத்துறையும் மீன்வள ஆய்வு நிறுவனங்களும் இதற்கான நடைமுறையைத் திரள் ஒதுங்கும் நாளுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் உடல்கள் அழுகத் தொடங்கிய பிறகு அதற்கு அவகாசம் இராது.