மாத்தளைச் சிறுகதையும் அதன் வாசகரும்

நாவலுடன் ஒப்பிடுமிடத்துச் சிறுகதைக்கு வாசகர் குறைவு என்பது இலக்கிய உலகில் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வரும் கருத்தாகும். இதற்குக் காரணங் காண முற்படுவோர் பெரும்பாலும் வடிவத்தின் இயல்பையே சுட்டுவர். நாவல், வாசகனை ஓர் உலகினுள் அழைத்துச் சென்று அங்கு நெடுநாள் தங்க வைக்கின்றது. சிறுகதைத் தொகுதியோ சில பக்கங்களுக்கு ஒருமுறை புதிய மாந்தரையும் புதிய சூழலையும் கொண்டுவந்து நிறுத்துகின்றது. ஒரு கதையில் மனம் தோயுமுன் அது முடிந்துவிட, வாசகன் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியவனாகின்றான். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின் அது முழு உண்மையன்று. மாத்தளைப் பகுதியையும் அது சார்ந்த மலையகத்தையும் எடுத்து நோக்கின், வாசகர் தொகையை நிர்ணயித்தது வடிவம் மாத்திரமன்று என்பதும், அவ்வடிவம் எவ்வகையில், எக்காலத்தில் மக்கள் கைக்கு எட்டியது என்பதே முதன்மையான வினா என்பதும் புலனாகும்.

மாத்தளை, மலையகத் தமிழரின் வரலாற்றில் தனியிடம் பெற்ற ஊராகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டு வழியே நடந்து தம்புள்ளையைக் கடந்து மலைநாட்டை அடைந்த பாதையில் அமைந்தது இவ்வூர். 1880 இல் புகையிரதமும் மாத்தளையை எட்டியது. கோப்பியும், பின்னர் தேயிலை, இறப்பர், கொக்கோ என்பனவும் செழித்த இம்மண்ணில், அவற்றைச் செழிக்கச் செய்தோர் லயன் அறைகளில் வாழ்ந்தனர். எழுத்தறிவு அரிதாயிருந்த அக்காலத்தில், வாசிக்கத் தெரிந்த ஒருவர் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை உரக்க வாசிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்டனர். காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் இரவுகளை நிறைத்தன. நெடுங்கதையை நாட்கணக்கிற் கேட்டுச் சுவைக்கும் பழக்கம், நாவல் வருவதற்கு முன்னரே இம்மக்களிடம் வேரூன்றியிருந்தது எனலாம். ஆகவே நாவலுக்கு வாசகரைத் தேடித் தந்த காரணிகளுள் இம்மரபையும் ஒன்றாகக் கொள்வது பொருந்தும்.

எனினும், மலையகத்தின் நவீன இலக்கிய எழுச்சி சிறுகதையிலேயே வலுவாக வெளிப்பட்டது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் புதல்வர்கள், தோட்டப் பாடசாலையையும் நகரக் கல்லூரியையும் கடந்து வந்து எழுதத் தொடங்கியபோது, அவர்களுக்குக் கிட்டிய களம் தினசரிப் பத்திரிகையே. பதிப்பகமோ பணமோ இல்லாத இளைஞன் ஒருவன், தபாற் செலவை மாத்திரம் தாங்கி, சிறுகதை ஒன்றைக் கொழும்புக்கு அனுப்ப முடிந்தது. வீரகேசரியின் தோட்டப் பக்கமும், 1960 களில் நடத்தப்பட்ட மலையகச் சிறுகதைப் போட்டிகளும் பலரை எழுதத் தூண்டின. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு எனத் தம் பெயருக்கு முன் ஊர்ப் பெயரைப் பொறித்துக்கொண்ட எழுத்தாளரும், மலரன்பன் போன்றோரும் இச்சூழலில் உருவானவர்களே. எழுதுவோனுக்குச் சிறுகதை மலிவான வடிவமாயிற்று. ஆனால் வாசிப்போனுக்கு அது நிலைத்த வடிவமாக அமையவில்லை.

பத்திரிகைக் கதையின் ஆயுள் ஒரு நாள் அல்லது ஒரு வாரம். ஞாயிறன்று வாசிக்கப்பட்ட தாள், அடுத்த வாரம் கடையிற் சீனி சுற்றும் காகிதமாகின்றது. தொடர்கதையோ அவ்வாறன்று, அடுத்த இதழை எதிர்பார்க்க வைத்து வாசகனைத் தானே திரட்டிக்கொள்கின்றது. அத்துடன் அது முடிந்ததும் நூலாவதற்கு ஏற்ற உருவத்தையும் பெற்றுவிடுகின்றது. உதிரிச் சிறுகதைகளுக்கு அத்தகைய வாய்ப்பு எளிதில் வாய்ப்பதில்லை.

இதற்கு மலையக இலக்கியத்திலேயே தக்க சான்றுகள் உள. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் கதை 1961 இல் தினகரனில் வெளிவந்தது. மலையகச் சிறுகதையின் திருப்புமுனையாகப் போற்றப்படும் அக்கதையைத் தலைப்பாகக் கொண்ட தொகுதி 1980 இலேயே வெளிவந்தது. இடைப்பட்டவை பத்தொன்பது ஆண்டுகள். தெளிவத்தை ஜோசப் 1960 களிலேயே சிறுகதையாசிரியராக அறியப்பட்டவர். ஆயினும் முதலில் நூலுருப் பெற்றது அவரது நாவலான ‘காலங்கள் சாவதில்லை’ (1974). சிறுகதைத் தொகுதியான ‘நாமிருக்கும் நாடே’ 1979 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரே எழுத்தாளர், ஒரே மக்கள், ஒரே மலை. நாவல் முந்திற்று, சிறுகதை பிந்திற்று.

நாவல் முந்தியமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1970 களின் முற்பகுதியில் தமிழகச் சஞ்சிகைகள், நூல்கள் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் ஏற்பட்ட வெற்றிடத்தை வீரகேசரி பிரசுரம் உள்நாட்டு நூல்களால் நிரப்ப முன்வந்தது. 1971 இல் அது வெளியிட்ட ‘கதைக்கனிகள்’, போட்டிகளிற் பரிசு பெற்ற மலையகச் சிறுகதைகளின் தொகுதியே என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் தொடர்ந்து வந்த வெளியீடுகளிற் பெரும்பாலானவை நாவல்களாகவே அமைந்தன. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ ஆகிய இரண்டும் 1973 இல் வெளிவந்தன; முன்னையது 1978 இல் திரைப்படமுமாயிற்று. பத்திரிகை செல்லும் வழியிலேயே நூலும் சென்றது. இவ்வாறு நாவல் வாசகனின் வாசலுக்கே வந்து சேர, சிறுகதைத் தொகுதி எழுத்தாளனின் சொந்தப் பணத்தையும் நண்பரின் உதவியையும் எதிர்பார்த்து நின்றது.

இத்தாமதம் வேறெங்கேனும் நிகழ்ந்திருப்பின் பாரதூரமாகாது போயிருக்கலாம். மலையகத்திலோ அது பேரிழப்பாயிற்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்திற்குச் சென்ற கப்பற் சேவை 1984 இல் நிற்கும் வரை குடும்பங்கள் கூட்டங் கூட்டமாகப் பெயர்ந்தன. 1973 - 74 காலத்து உணவுத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களில் உயிர்கள் மடிந்தன. 1977 இன் வன்செயல்களால் எஞ்சியோரிற் பலர் வடக்கு நோக்கிச் சென்றனர். 1961 இல் ஒரு கதையைப் பத்திரிகையில் வாசித்துத் தம் வாழ்வை அதிற் கண்ட வாசகருட் பலர், 1980 இல் அது நூலாக வந்தபோது இந்நாட்டிலேயே இருந்திருக்க மாட்டார்கள். சிறுகதை தன் வாசகரைக் கவரத் தவறிற்று என்று கூறுவதிலும், நூல் வருமுன் வாசகர் கப்பலேற்றப்பட்டனர் என்று கூறுவதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

இந்நிலைக்கு மாத்தளை எழுத்தாளர் கண்ட விடை கூட்டுமுயற்சியாகும். மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் ஆகிய மூவரின் கதைகளும் ஒன்றாகத் திரண்டு ‘தோட்டக் காட்டினிலே’ என்னும் தொகுதியாக 1980 இல் வெளிவந்தன. தோட்டத் தொழிலாளரை இழித்துரைக்க வழங்கப்பட்ட ‘தோட்டக்காடு’ என்னும் சொல்லையே தலைப்பிற் கொண்டமை குறிப்பிடத்தக்கது. மூவரின் கதைகள் ஒரே அட்டைக்குள் அமைந்தபோது, உதிரிக் கதைகளுக்கு இல்லாத ஒருமை அவற்றுக்குக் கிட்டியது. ஒரே மண், ஒரே மக்கள் என்ற உணர்வுடன் வாசிப்போனுக்கு, அத்தொகுதி பல கதைகளாலான ஒரு நெடுங்கதை போன்று தோன்றுதல் இயல்பே.

சிறுகதை இயல்பிலேயே வாசகரைப் பெறாத வடிவம் எனின், தமிழகத்து வரலாறு அதனை மறுக்கும். மணிக்கொடியிலும் பிற இதழ்களிலும் சிதறிக் கிடந்த புதுமைப்பித்தனின் கதைகள் 1940 இல் நூலுருப் பெற்றன. தலைமுறைகள் கடந்தும் அவை வாசிக்கப்படுகின்றன. சிறுகதைகளையே பெரிதும் எழுதிய கனடிய எழுத்தாளர் அலிஸ் மன்றோ 2013 இல் நோபல் பரிசு பெற்றதும் ஈண்டு நினைக்கத்தக்கது. மலையகத்தில் இப்பணியைப் பேரளவிற் செய்தது துரைவி பதிப்பகமாகும். தெளிவத்தை ஜோசப் தொகுத்த ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ ஆகிய இரு தொகுதிகளும் 1997 இல் அதன் வெளியீடுகளாக வந்தன. பழைய பத்திரிகைத் தாள்களிலிருந்து மீட்கப்பட்ட கதைகள் அவற்றின் வாயிலாகவே பல்கலைக்கழக மாணவரின் ஆய்வுக்கும் எட்டின.

தொகுத்து நோக்குமிடத்து, நாவலின் வெற்றியில் அதன் வடிவத்துக்கும் பங்குண்டு. ஆயின் அச்சு, விநியோகம், நூலகம் என்பவற்றின் பங்கு அதனினும் பெரிது. தொகுக்கப்படாத சிறுகதைக்கு வாசகர் இல்லை என்று முடிவு கட்டுவது, கட்டப்படாத பாலத்தின் மீது எவரும் நடக்கவில்லை என்று குறைகூறுவதை ஒக்கும். மாத்தளை எழுத்தாளரின் கதைகளுள் நூலுருப் பெறாதவை பழைய இதழ்களில் உறங்குகின்றன. தாள் பழுத்து உதிர்வதற்கு அதிக காலம் செல்லாது. ஒரு சமூகத்தின் வாழ்வைப் பதிவு செய்த அக்கதைகளைத் தேடித் தொகுப்பது, தமிழ் பயிலும் மாணவர் இன்றே மேற்கொள்ள வேண்டிய கடமையாகும்.