இழைதல்

இழைதல், வினைச்சொல். தனித்துத் தெரியாதபடி ஒன்றோடொன்று கலத்தல் என்பது பொருள். நூலைக் குறிக்கும் 'இழை'யும் இதே அடிதான். குரல் தம்புராவின் சுருதியோடு ஒன்றினால், 'இழைந்து பாடுகிறார்' என்கிறோம்.

பதிவுசெய்த ஒலிகளை இசைக்கும் சாம்ப்ளர் மென்பொருளில் வரும் 'கிராஸ்ஃபேட்' என்ற செயலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. வீணையின் ஒரே ஸ்வரத்தை மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி மீட்டித் தனித்தனி அடுக்குகளாகப் பதிவார்கள். இசைப்பலகையின் விசையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதைக் குறிக்கும் மிடி மதிப்பு 1 முதல் 127 வரை; அதற்கேற்ப அடுக்கு மாறும். 63-இல் ஓர் அடுக்கு முடிந்து 64-இல் அடுத்தது தொடங்கினால், ஒலியின் நிறம் சட்டென்று மாறுவது காதில் உறுத்தும். ஆகவே ஒன்று தணியத் தணிய மற்றொன்று எழ வேண்டும். நடுப்புள்ளியில் இரண்டையும் 50 விழுக்காட்டு வீச்சில் வைத்தால் ஓசை தொய்யும். ஏறக்குறைய 71 விழுக்காடு வைத்தால் அளவு நிலைக்கும். அலைகள் ஒத்தே செல்லும் பதிவுகளுக்கு மட்டும் 50 போதும்.

வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர் மறைமலை அடிகள். அவர் பெயர் தாங்கும் மறைமலை நகரில் வீட்டுக் கணினியில் இசையமைக்கும் இளைஞர்களே, நீங்களும் கிராஸ்ஃபேட்டை 'இழைவு' என்று சொல்லிப் பழகுங்கள்.