வரிசைப் பட்டியல்

2017ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளை வெளியிட்டபோது, மாநிலத்தில் முதலாவதாக வந்தோர் இன்னார், இரண்டாவதாக வந்தோர் இன்னார் என்று அறிவிக்கும் பழைய வழக்கத்தைத் தமிழ்நாட்டு அரசு கைவிட்டது. போட்டியால் மாணவர் உள்ளம் நையலாகாது என்பது அதன் நோக்கம். இதற்கு நூறாண்டுக்கு முன்பே இங்கிலாந்தில் இத்தகைய பட்டியல் ஒன்று ஒழிந்த வரலாறு உண்டு.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வுக்கு டிரைப்பாஸ் என்பது பெயர். அதில் சிறப்பாகத் தேறியவரை மதிப்பெண் முறைப்படி ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினர். முதல் வகுப்பினர் ராங்ளர் எனப்பட்டனர். அவருள் தலைவன் சீனியர் ராங்ளர். அவன் புகழ் நாடெங்கும் பரவும். பட்டியலின் கடைக்கோடியில் நின்றவனுக்கோ, பட்டமளிப்பு மண்டபத்தின் மாடத்திலிருந்து தோழர்கள் பெரியதொரு மரக்கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவர். விளையாட்டுத்தான்; ஆயினும் பெற்றவன் மனம் என்ன பாடுபட்டதோ!

தேர்வு பல நாள் நீளும். அதில் விரைவே பெரிது. ஆழ்ந்து எண்ணுவோன் பின்தங்குவான். ஆகவே ஆசிரியர் விரிவுரையினும் தனிப்பயிற்சியாளரையே மாணவர் நாடினர். ரௌத் என்பார் ஒருவரே இருபத்தைந்துக்கு மேற்பட்ட சீனியர் ராங்ளர்களை உருவாக்கினார். இன்றைய பயிற்சி நிலையங்கள் புதியன என்று எண்ணுவோர் இதனை நோக்குக.

1845இல் முதலிடம் தமக்கே என்றிருந்தார் வில்லியம் தாம்சன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகு போற்றிய விஞ்ஞானி அவரே. இரண்டாமவன் யார் என்று பார்த்துவர ஏவலாளை அனுப்பினாராம். "தாங்கள்தான், ஐயா" என்று அவன் வந்து சொன்னானாம். கதை மெய்யோ பொய்யோ, அவர் இரண்டாமிடம் பெற்றது மெய். அவரை வென்ற பார்க்கின்சன் பெயரை இன்று அறிவார் மிகச் சிலர்.

பிரான்சிஸ் கால்டன் கதை வேறு. மூன்றாம் ஆண்டில் மிகுதியாகப் படித்து மூளை களைத்து நோயுற்றார். சிறப்புத் தேர்வை விட்டு, 1844இல் எளிய பட்டம் பெற்று வெளியேறினார். அத்தகையவரே 1869இல் பரம்பரை மேதைமை பற்றி ஒரு நூல் எழுதியபோது, மனிதருள் அறிவின் ஏற்றத்தாழ்வை நாட்டுதற்கு அதே தேர்வின் மதிப்பெண்களைச் சான்றாகக் காட்டினார்! தம்மை வீழ்த்திய கோலையே உலகை அளக்கக் கையில் எடுத்தார். விந்தையினும் விந்தை இது.

பட்டியலை ஒழிக்க முனைந்தவருள் ஜி. எச். ஹார்டி ஒருவர். இராமானுசனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த பேராசிரியர் இவர். 1898இல் தாமே நான்காம் ராங்ளராக வந்தவர். கணிதத்தையே இத்தேர்வு கெடுக்கிறது என்பது அவர் கட்சி. 1909இல் கடைசிப் பட்டியல் வெளியாயிற்று. அதன்பின் வகுப்பு மட்டும் அறிவிக்கப்பட்டது. வகுப்பினுள் பெயர்கள் அகரவரிசையில் நின்றன.

நம் நாட்டிலோ, பட்டியல் நின்ற அதே 2017இல், தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல நீட் தேர்வு கட்டாயமாயிற்று. அதன் முடிவு அகில இந்தியத் தரவரிசை எண்ணுடன் வெளிவந்தது.